ஜெட்டியில் தொங்கும் எஞ்சினைப் பாருங்கள்

கோலசிலாங்கூர் ஆற்றில் எங்களுக்கென்று ஒரு படகு வேண்டும் என்று மச்சானும் நானும் பேச ஆரம்பித்தது ஒரு தீபாவளி சாயங்காலம். இருவருமே புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். அப்பாக்கள் செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆற்றங்கரைதான். மூங்கில் தூண்டில், ஒரு டப்பா மண்புழு, நாள் முழுக்க உட்கார்ந்தால் குழம்புக்கு நாலு உடாங் காலா. பெரிய இறாலெல்லாம் நடு ஆற்றில் இருக்கிறது என்று அப்பா சொல்வார். அந்த நடு ஆற்றுக்குப் போக எங்களுக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

மச்சானின் மகன் ஃபோனில் முதலில் காட்டியது ஜெட் படகுகளை. ஒன்று யமாஹா, மற்றொன்று ரோடாக்ஸ் எஞ்சின் போட்ட ஸ்காரப். எது நல்லது என்று வீட்டில் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. விலை எங்கள் கைக்கு எட்டாது. அதைவிட முக்கியம், அது நம் ஆற்றுக்கான படகே இல்லை. 1950களில் நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன் என்பவர் ஜெட் படகை உருவாக்கியது அங்குள்ள கூழாங்கல் ஆறுகளுக்காக. ஆழமில்லாத தண்ணீரில் காற்றாடி கல்லில் அடிபடும். அதனால் காற்றாடியே வெளியே தெரியாமல், படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓட வைத்தார். நம் ஆற்றில் கல் இல்லை, சேறுதான். மழை பெய்த மறுநாள் நிப்பா மட்டையும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மிதந்து வரும். உறிஞ்சும் வாயில் ஒரு பை மாட்டினால் போதும், படகு நின்றுவிடும். இன்னொன்று: ஜெட் படகில் வேகத்தைச் சட்டென்று விட்டுவிட்டால் திருப்பவும் முடியாது, பீய்ச்சும் தண்ணீர்தான் அதற்குச் சுக்கான். கழிமுக நீரோட்டத்தில் புதிய ஆள் பயந்துபோய்க் கையை எடுக்கும் இடமும் அதுதான்.

ஆக பழைய ஃபைபர் படகு ஒன்று, பின்பலகையில் மாட்டும் எஞ்சின் ஒன்று என்று முடிவானது. மலாய்க்காரர்கள் அதை எஞ்சின் சங்குட் என்பார்கள்.

முதல் எஞ்சினைப் பழையதாக வாங்கினோம். என்ன பிராண்டு, யார் விற்றார் என்பது இங்கே வேண்டாம். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு டிரம் தண்ணீரில் வைத்து இழுத்துக் காட்டினார், ஒரே இழுப்பில் எடுத்தது. அதில் மயங்கினோம். மூன்றாவது தடவை ஆற்றில் இறங்கியபோது, கம்போங் குவாந்தானிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் சூடேறி நின்றது. தண்ணீர் வற்றும் நேரம். நீரோட்டம் எங்களைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. பாசிர் பெனாம்பாங்குக்கு வந்துகொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு கயிறு போட்டு இழுத்திராவிட்டால் இருட்டில் எங்கே போயிருப்போமோ. பிரித்துப் பார்த்தால், குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் சின்ன ரப்பர் சக்கரம் நொறுங்கிக் கிடந்தது. பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள், அது எடுக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் கம்பியாகப் பீய்ச்சுகிறதா, பத்து நிமிடம் ஓடிய பிறகும் அதே வேகத்தில் பீய்ச்சுகிறதா என்று நின்று பாருங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினால் வந்துவிடுங்கள்.

அதே எஞ்சினில் இன்னொரு பிழையும் இருந்தது. அது லாங் ஷாஃப்ட். எங்கள் படகின் பின்பலகை 15 அங்குலம், எஞ்சினின் கால் 20 அங்குலப் பலகைக்கானது. தண்ணீர் வற்றிய நேரத்தில் ஜெட்டியை நெருங்கும்போதெல்லாம் காற்றாடி சேற்றை உழுதது. பிராண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அளவு டேப்பை எடுத்துப் பின்பலகையை அளந்துவிடுங்கள்.

இரண்டாவது முறை புதிதாகவே வாங்குவது என்று பணம் சேர்த்தோம். 15 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக், ஷார்ட் ஷாஃப்ட். மிஞ்சியது இரண்டு பெயர்கள்: யமாஹா, தொஹாட்சு. இரண்டுமே ஜப்பான் கம்பெனி. தொஹாட்சு 1956இலும் யமாஹா 1960இலும் இந்த வகை எஞ்சின் செய்ய ஆரம்பித்தவை, இரண்டுமே தொழில் தெரிந்தவை. தாளில் வைத்துப் பார்த்தால் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்களுக்குச் சொன்ன விலையில் தொஹாட்சு கொஞ்சம் குறைவு, மச்சானின் மனம் அதில் இருந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பெட்ரோல் மிச்சம், சத்தம் குறைவு, உண்மைதான். ஆனால் நாங்கள் பார்த்ததன் எடை ஐம்பது கிலோவைத் தாண்டியது. டூ-ஸ்ட்ரோக் நாற்பது கிலோ பக்கம். எஞ்சினை இரவில் ஜெட்டியில் விட்டுவிட்டு வர முடியாது, திருடு போகும். வழுக்கும் படியில் அதை இரண்டு பேர் தூக்கி ஏற வேண்டும். எங்கள் வயதுக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ பெரிய விஷயம்.

முடிவைத் தந்தது எங்கள் ஜெட்டியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாக் சிக், மலாய்ப் பெரியவர். எந்தப் பிராண்டு நல்லது என்று கேட்டோம். அவர் எங்களிடம் திருப்பிக் கேட்டார்: ரோசாக் ஆனால், அதாவது பழுதானால், யாரிடம் கொண்டுபோவீர்கள்? மறுநாள் விடியற்காலையில் ஜெட்டிக்குப் போய் ஒவ்வொரு படகாகப் பார்த்தோம். யமாஹாதான் அதிகம். தஞ்சோங் காராங்கில் எங்களுக்குத் தெரிந்த சீனத் தவுக்கேயின் பட்டறையில் அதன் உதிரிப்பாகங்கள் அலமாரியிலேயே இருந்தன. மற்றதற்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்றார். யமாஹாவை வாங்கினோம். உங்கள் ஜெட்டியில் தொஹாட்சு அதிகம் தொங்கினால் நீங்கள் அதையே வாங்குங்கள். எஞ்சின் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பழுதாகும். அப்போது பக்கத்துப் படகுக்காரரிடம் ஒரு பிளக்கோ இழுகயிறோ கடன் கேட்க முடிய வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு டூ-ஸ்ட்ரோக் புதிதில்லை. புல் வெட்டும் மிஷினுக்கும் மருந்தடிக்கும் மிஷினுக்கும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து பழகிய கை. அந்தப் பழக்கம்தான் ஒரு தவறுக்கும் இழுத்துக்கொண்டு போகும். மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றும் 2டி எண்ணெயைப் படகு எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்ணெய்தான் வேண்டும். மற்றது உள்ளே சாம்பலாகப் படியும். எங்கள் எஞ்சினுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது பத்து லிட்டருக்கு 200 மில்லி. புதிதாக இருந்த முதல் பத்து மணி நேரத்துக்கு மட்டும் அதைப் போல இரண்டு மடங்கு. கழிமுகம் வரை போய் வந்த ஒவ்வொரு தடவையும் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்துப் பத்து நிமிடம் ஓட விடுகிறோம். உப்பு உள்ளே தங்கினால் எந்தப் பிராண்டும் தாங்காது.

கிளம்பும் நாளைக் குறிப்பது வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் முரட்டுத்தனமாக இருக்கும். அஷ்டமி, நவமியில் அடங்கும். மலாய்க்காரர்கள் ஆயர் மாத்தி என்று சொல்வது அந்த நாட்களைத்தான், இறாலும் அப்போதுதான் நன்றாகக் கடிக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்கிய நாட்கள் எங்களுக்கு ஆற்று நாட்களாகிவிட்டன.

இருட்டிய பிறகு பெரெம்பாங் மரங்கள் நிற்கும் கரையோரம் எஞ்சினை முடுக்காதீர்கள். மின்மினிகள் அந்த மரங்களை நம்பித்தான் இருக்கின்றன, படகு எழுப்பும் அலை அவற்றின் வேரடி மண்ணை அரிக்கிறது. கம்போங் குவாந்தானில் சுற்றுலாப் பயணிகளை இன்றும் துடுப்புப் போட்டுத்தான் அழைத்துப்போகிறார்கள்.

எஞ்சினுக்குப் பணம் எண்ணி வைக்கும்போதே லைஃப் ஜாக்கெட்டுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் படகில் ஜாக்கெட் நாலு. ஐந்தாவது ஆள் சொந்தக்காரராக இருந்தாலும் அவரை ஏற்றுவதில்லை.