ஆன்லைன் செஸ்: கடிகாரத்துக்கும் மரியாதை உண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். செஸ் என்றால் பெற்றோரும் மறுப்பதில்லை. கம்ப்யூட்டரோடு ஆடினால் நீங்கள் எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது காத்திருக்கும். இன்டர்நெட்டில் எதிரே இருப்பவர் ஒரு மனிதர். உங்கள் கடிகாரம் ஓடும்போது செலவாவது அவருடைய நேரமும்தான். இதற்கான விதிகளையும் நாகரிகத்தையும் இங்கே பார்ப்போம்.

15+10 என்றால் என்ன?

லீசெஸ் என்ற வெப்சைட் இலவசமானது, விளம்பரமும் கிடையாது. அதைத் திறந்தால் 3+2, 10+0, 15+10 என்று கட்டங்கள் தெரியும். முதல் எண், ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பது. இரண்டாவது எண், ஒவ்வொரு முறை காய் நகர்த்திய பிறகும் உங்கள் கணக்கில் சேரும் வினாடிகள். 15+10 ஆட்டம் 40 நகர்த்தல் போனால் ஆளுக்கு 400 வினாடி கூடும். இருவருக்கும் சேர்த்து அதிகபட்சம் சுமார் 43 நிமிடம். புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

பெரிய போட்டிகளிலும் இதே முறைதான். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 வினாடி தந்தார்கள்.

கரண்ட் போனால்?

கடிகாரம் ஓடுவது சர்வரில். உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் அது நிற்காது. யுபிஎஸ் இருந்தால் ரவுட்டரையும் அதில் இணைத்துவிடுங்கள். எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்தன்று மொபைல் இன்டர்நெட் திணறும். அன்று 3+0 ஆடுவது வீண். கூடுதல் வினாடி உள்ள ஆட்டமே நல்லது.

நேரம் தீர்ந்தால் தோல்வி. எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால் டிரா.

நாகரிகம் நான்கு

1. தோற்பது உறுதியானால் கொடிப் படத்தைக் கிளிக் செய்து ஆட்டத்தை விட்டுக்கொடுங்கள். எங்கள் தெருச் சிறுவன் ஒருவன், ராணியை இழந்ததும் 12 நிமிடம் மீதமிருக்க, அப்படியே எழுந்து போனான். "என் நேரம்தானே அண்ணா?" என்றான். "அந்தப் பக்கம் உன்னை மாதிரி ஒரு பையன் ஹோம்வொர்க்கை வைத்துவிட்டுக் காத்திருப்பானே" என்றேன். திரும்பி வந்து கொடியை அழுத்தினான். அடிக்கடி இப்படி விட்டுப் போனால் புதிய ஆட்டம் தொடங்க லீசெஸ் சிறிது நேரம் தடை போடும்.

2. எதிராளியின் இணைப்பு அறுந்தால் சற்றுப் பொறுங்கள். வெற்றி கோரும் பட்டன் வந்ததும் அதை அழுத்த வேண்டிய கட்டாயமில்லை, டிராவும் கேட்கலாம்.

3. அவரது கடிகாரத்தின் அருகே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் அவருக்கு 15 வினாடி சேரும். நண்பர்களுடன் ஆடும்போது இது அழகான பழக்கம். டோர்னமென்ட் ஆட்டங்களில் இந்த வசதி இராது.

4. ஒருமுறை மறுத்தவரிடம் திரும்பத் திரும்ப டிரா கேட்காதீர்கள். அவர் யோசிக்கும் நேரத்தைக் கெடுப்பதும் தொந்தரவுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இரவுச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் இல்லையென்றால் 15+10 தொடங்க விடாதீர்கள். தொடங்கிவிட்டால், முடியும்வரை பிள்ளையை எழுப்பாதீர்கள்!