கடையில் நிற்பவர்களுக்கு நாம் செய்யவேண்டிய நீதி



பரலோகத்தை நோக்கிப் பழிக்காகக் கூப்பிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். வேலையாளின் கூலியைக் கொடாமல் வஞ்சிப்பது அவற்றில் ஒன்று. நல்லது, கூலியை முழுவதும் எண்ணிக் கொடுத்துவிட்டு, அவருடைய சரீர சுகத்தைப் பறித்துக்கொண்டால் அது நீதியாகுமா? இந்த வாரம் இதைச் சிந்திப்போம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டாம். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர்களைப் பாருங்கள். வாங்க வந்த நமக்கு நாற்காலி உண்டு. அவர்களில் பலரோ கடை திறந்ததுமுதல் அடைக்கும்வரை நின்றபடியே இருக்கிறார்கள். இதனால் விளைவது என்ன?

முதலாவது, சரீரக் கேடு. காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி இருதயத்துக்கு ஏறவேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றாலோ இரத்தம் காலிலேயே தேங்குகிறது. கால் வீங்கும்; நாளடைவில் இரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளலாம்; இடுப்புவலியும் சேரும். கழிப்பிடம் போக அனுமதி கேட்க அஞ்சித் தண்ணீர் குடியாதிருக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் வருகின்றது.

இரண்டாவது, மனக்கசப்பு. வாங்குவோர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பதால் கடைக்கு லாபம் ஒன்றுமில்லை. ‘என்னை மனிதனாக எண்ணவில்லை’ என்பதே தொழிலாளிக்கு அதில் விளங்குகிறது.

மூன்றாவது, நடத்தை. கால் கடுக்க நிற்பவர் வாயில் இன்சொல் நெடுநேரம் தங்காது. கடையில் அடக்கிய கோபம் வீட்டில் பிள்ளைகள்மேல் பாய்கிறது. குடும்ப செபத்தில் தாயானவள் தூங்கி விழுந்தால், பக்தி குறைந்தது என்று சொல்லிவிடாதீர்கள்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. ஊழியர் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வைக்கவேண்டும். வேலைக்கிடையே சமயம் வாய்க்கும்போது அவர்கள் உட்காரலாம். ஆனால் சட்டம் முக்காலியைத்தான் வைக்கும். அதில் உட்காரத் தைரியம் கொடுப்பது முதலாளியின் முகமே.

13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்னும் நிருபத்தில், மனிதரை லாபம் தேடும் கருவிகளாக நடத்துவது வெட்கக்கேடு என்றும், சரீரம் தேயுமளவுக்கு வேலை வாங்குவது நீதிக்கும் மனிதத்தன்மைக்கும் விரோதம் என்றும் போதித்தார். ஆதலால் இருக்கை கொடுப்பது தயவு அன்று; கடன்.

கடை வைத்திருப்போரே, இருக்கை போட்டால் மட்டும் போதாது. ‘உட்காருங்கள்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கழிப்பிடம் போக எவரும் அஞ்சவேண்டாதபடி செய்யுங்கள்.

வேலைசெய்வோரே, இருக்கை கேட்பது கீழ்ப்படியாமை அன்று. வாங்க ஆள் வந்ததும் முகமலர்ச்சியோடு எழுந்து உங்கள் வேலையைச் செவ்வனே செய்யுங்கள்.

வாங்குவோரே, ஊழியர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ‘மரியாதை இல்லை’ என்று முதலாளியிடம் முறையிடாதீர்கள். கடை அடைக்கும் நேரத்தில் போய் இருபது சேலையை விரிக்கச் சொல்லாதீர்கள்.

இன்றிரவு குடும்பமாகக் கூடிப் பேச ஒரு கேள்வி: நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு, நம் வீட்டில் உட்கார ஓர் இடம் உண்டா?