சிறு விவசாயிக்கு விறகு வியாபாரம்: விலை பேசும் முன் எடை பாருங்கள்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் சில ஆண்டுகள் தரிசாக விட்ட நிலம் சீமைக் கருவேல் காடாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுத் தேவைக்காகவே வெளிநாட்டிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. இன்று இதை அழிப்பதே பெரும் செலவாகிவிட்டது.

வியாபாரி வருகிறார். வரப்பில் நின்றபடியே காட்டைப் பார்த்து, மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். முள் தொலைந்தால் போதும் என்று நிலத்துக்காரரும் சம்மதித்துவிடுகிறார். அந்த நிலத்தில் எத்தனை டன் விறகு நிற்கிறது என்பது வியாபாரிக்கு ஏறக்குறையத் தெரியும், நிலத்துக்காரருக்குத் தெரியாது. நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தைத் தாமே வெட்டி விற்க நினைப்பவரும், வியாபாரியிடம் விட நினைப்பவரும் முதலில் இரண்டு எடைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நிலத்தில் நிற்கும் விறகின் எடை. மற்றொன்று, அது காயும்போது குறையும் எடை. இரண்டையும் அறிய, பருத்தியும் மிளகாயும் நிறுக்கும் தராசே போதும்.

5 சென்ட் சோதனை

மரங்கள் மிக அடர்த்தியாகவும் இல்லாமல், மிகக் கலப்பாகவும் இல்லாமல், நடுத்தரமாக நிற்கும் இடத்தில் 5 சென்ட் அளந்து கயிறு கட்டுங்கள். அதிலுள்ள மரங்களை வெட்டி, முள்ளையும் சிறு வாதுகளையும் கழித்து, விற்பனைக்கு ஆகும் விறகை மட்டும் நிறுங்கள். அந்த எடையை 20ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு உள்ள விறகு தெரியும். உதாரணமாக 5 சென்டில் 900 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு 18 டன். காடு ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் கலப்பு என்றிருந்தால் இரண்டு இடங்களில் வெட்டிப் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

இந்தச் சோதனையிலேயே வெட்டுக் கூலி, முள் கழிக்கும் கூலி, சுமந்து சேர்க்கும் கூலி ஆகியவையும் தெரிந்துவிடும். வீட்டு ஆட்கள் வேலை செய்தாலும் அவர்களுக்கும் கூலி எழுதுங்கள். சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பார்ப்பது சரியான கணக்கல்ல.

இதன் பிறகு வியாபாரி சொல்லும் மொத்தத் தொகையை டன் கணக்கில் வகுத்துப் பாருங்கள். கூலியும் வண்டி வாடகையும் போக அதைவிட அதிகம் நிற்கும் என்று தெரிந்தால் மட்டும் சொந்தமாக வெட்டுங்கள். இல்லையென்றால் அவரிடமே எடை பேசி விடலாம்.

யாருடைய மரம்?

பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை மட்டுமே வெட்ட வேண்டும். கண்மாய், ஓடை, புறம்போக்கில் நிற்பவை பொதுச் சொத்து. முறையான ஏலமோ அனுமதியோ இல்லாமல் கை வைக்கக் கூடாது. மலைப் பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சீமைக் கருவேல் தவிர வேறு மரங்கள் இருந்தால், வெட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். லாரியில் சரக்கு ஏற்றும்போது சிட்டா, அடங்கல் நகலையும் உடன் அனுப்பினால் வழியில் விசாரணை வந்தாலும் பதில் சொல்லலாம்.

தேவையான கருவிகள்

தொடக்கத்தில் பெரிய முதலீடு தேவையில்லை. முள் கழிக்க நீண்ட கைப்பிடி போட்ட வெட்டரிவாள், மரம் வெட்ட மெல்லிய வாயுள்ள கோடாரி, பிளக்கத் தடித்த வாயுள்ள கோடாரி, இரண்டு இரும்பு ஆப்புகள், ஒரு சம்மட்டி, ஒரு கை ரம்பம், தீட்டுவதற்கு அரம். இவை போதும். ஒரே கோடாரியால் வெட்டவும் பிளக்கவும் முயன்றால் இரண்டு வேலையும் கெடும். ஆளும் களைத்துப் போவார்.

கோடாரியின் காம்பு ஆடினால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. தலை கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. சீமைக் கருவேல் முள் ரப்பர் செருப்பை ஊடுருவிவிடும். மூடிய காலணி, தடித்த கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் அவசியம். முள் மூட்டிலோ கண்ணிலோ குத்திவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரம்ப இயந்திரம் வாங்கலாமா?

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வேலையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். இயந்திரத்தின் விலை 18,000 ரூபாய் என்றும், பெட்ரோல், எண்ணெய், சங்கிலித் தேய்மானம் போக டன்னுக்கு 200 ரூபாய் கூலி மிச்சமாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 90 டன் வெட்டிய பிறகுதான் போட்ட முதல் திரும்பும். ஏக்கருக்கு 18 டன் என்றால் 5 ஏக்கர் வெட்ட வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கர் உள்ளவர் வாடகைக்கு எடுப்பதே மேல். நாலைந்து பேர் கூட்டாக வாங்கினால், அரம் போடுவதும் பழுது பார்ப்பதும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயின் அளவை இயந்திரத்துடன் வரும் குறிப்பேட்டின்படியே கலக்க வேண்டும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் வேறு. சங்கிலி கூராக இருந்தால் சிராய் சிராயாக விழும். மாவு போலத் தூள் விழுந்தால் உருண்டை அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரம்பம் மண்ணில் பட்டால் ஒரு நொடியில் கூர் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரம்பப் பட்டையின் மேல் நுனி மரத்தில் இடிக்கக் கூடாது; இடித்தால் இயந்திரம் வெட்டுபவரை நோக்கி எகிறும். தோள் உயரத்துக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. தனி ஆளாகக் காட்டுக்குள் வேலை செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

பிளத்தலும் அடுக்குதலும்

விறகைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு இந்த மரம் இறுகிவிடும். மணிக்கட்டுப் பருமனுள்ள கழிகளைப் பிளக்க வேண்டியதில்லை. துண்டின் நீளத்தை நாமே முடிவு செய்யாமல், வாங்குபவரின் அடுப்பு வாயைப் பார்த்து அறுக்க வேண்டும்.

தையிலும் மாசியிலும் வெட்டினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் நன்கு காயும். தரையில் கல்லோ செங்கல்லோ வைத்து அரையடி உயர்த்தி, காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்டு அடுக்கவும். மழைக்காலத்தில் மேலே மட்டும் மூடினால் போதும். நான்கு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும். கீற்றுக் கொட்டகையும் வீடும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து அடுக்கவும். விறகு எடுக்கும்போது முதலில் கம்பால் தட்டுங்கள். தேளும் பாம்பும் அடுக்கில் தங்கும். கறையானும் உளுப்பும் வருமாதலால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

10 கிலோ கட்டு

பிளந்த அன்றே 10 கிலோ விறகைத் தனியாக நிறுத்து, கட்டி, பெயின்டால் அடையாளமிட்டு, உருவி எடுக்கும்படி அடுக்கின் நடுவில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து நிறுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் விறகு காய்ந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கட்டு 7 கிலோவில் நின்றதாக வைத்துக்கொள்வோம். பச்சை விறகு டன் 3,000 ரூபாய் என்றால், காய்ந்த விறகு டன்னுக்கு 4,286 ரூபாய் கிடைத்தால்தான் பச்சையாக விற்றிருந்தால் வந்திருக்கும் அதே பணம் வரும். பச்சை விலையைப் பத்தால் பெருக்கி ஏழால் வகுத்த கணக்கு இது. பிளந்த கூலி, அடுக்கிய கூலி, கூரைச் செலவு இதற்கு மேல். இவை டன்னுக்கு 400 ரூபாய் என்றால் விலை 4,700 ரூபாயை எட்ட வேண்டும். அதற்குக் குறைவாகக் கேட்டால் காய வைத்தது நஷ்டம்; வெட்டியவுடன் பச்சையாக விற்பதே சரி. காய வைத்தாலே லாபம் என்று நினைப்பது தவறு. உங்கள் ஊர் விலையையும் உங்கள் கட்டின் எடையையும் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வாங்குபவரிடம் பேசவும் இந்தக் கட்டு உதவும். குறைந்த 3 கிலோ வெறும் தண்ணீர். பச்சை விறகை எரித்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி போய்விடும். ஆகவே காய்ந்த 7 கிலோ, பச்சையான 10 கிலோவைவிடக் குறைவாக எரியாது, புகையும் குறையும்.

விற்பனை

செங்கல் சூளைக்கு லாரிக் கணக்கில் பச்சை விறகை விற்கலாம். தேநீர்க் கடை, பரோட்டாக் கடை, பேக்கரி, கல்யாணச் சமையல்காரர்கள் ஆகியோருக்குப் பிளந்த காய்ந்த விறகு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த விறகு கிடைப்பது அரிது. அப்போது கொடுக்க வைகாசிக்குள் அடுக்கி வைத்தவருக்கே நல்ல விலை.

லாரிச் சரக்கை எடை மேடையில் வெறும் வண்டி, சரக்கு வண்டி என இரண்டு முறை நிறுத்து, வண்டி எண் உள்ள ரசீதை வாங்கிக்கொள்ளவும். ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிவு எவ்வளவு என்பதை ஏற்றும் முன்பே பேச வேண்டும்; இறக்கிய பிறகு பேசினால் நம் பேச்சு எடுபடாது. சில்லறையாக விற்பவர் முத்திரையிட்ட தராசே வைத்திருக்க வேண்டும். கடன் கொடுப்பதானால் ஒரு நடைக்கு மட்டும். முதல் நடைப் பணம் வராமல் அடுத்த நடை அனுப்பாதீர்கள்.

வெட்டிய பிறகு

தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் சீமைக் கருவேல் பல கிளைகளாக மீண்டும் துளிர்க்கும். நிலத்தைப் பயிருக்குத் திருப்ப நினைப்பவர் தூரை ஒரு அடிக்குக் குறையாமல் தோண்டி எடுக்க வேண்டும். மண் உதிர்த்த தூர்க்கட்டையும் விறகாக விலை போகும். அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடவும்.

விறகுப் பணத்தைக் குடும்பச் செலவில் கரைத்துவிடாமல் தூர் எடுக்கவும் முதல் உழவுக்கும் ஒதுக்கி வைத்தால், நிலத்தை மீட்கும் செலவை அந்த நிலமே கொடுத்துவிடும். எனவே, விலை பேச உட்காரும் முன் 5 சென்ட் வெட்டி நிறுத்துப் பாருங்கள்.