கடலோர வறட்சியும் புயற்காலமும்: ஒரு மழைக் குறிப்பேடு கற்பிப்பவை

சோழமண்டலக் கரையில் சாகுபடி செய்வோர்க்கு வறட்சியும் புயலும் வெவ்வேறு பருவங்களில் வரும் இடையூறுகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களே இரண்டிற்கும் உரிய காலமாகும். நாகப்பட்டினம் ஜில்லாவின் கடைமடைக் கிராமங்களுக்கு வருஷ மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வடகிழக்குப் பருவக் காற்றினால் இம்மாதங்களிலேயே கிடைக்கின்றது. அம்மழையிலும் பெரும்பகுதி, வங்காள விரிகுடாவில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள் கரையை நெருங்கும்போது பெய்வதாகும். ஆதலால் கடல் அமைதியாயிருந்த வருஷத்தில் பயிர் காய்வதும், கடல் கொந்தளித்த வருஷத்தில் பயிர் மூழ்குவதும் இப்பிரதேசத்தில் வழக்கமாயின. புயல் வேண்டாம் என்று பிரார்த்திக்கும் குடியானவர், அதே வாயால் மழை வேண்டும் என்றும் பிரார்த்திக்க வேண்டியவராயிருக்கின்றார்.

வேதாரண்யம் தாலூகாவில் நிலமுள்ள மிராசுதாரர் ஒருவர், பல வருஷங்களாகத் தம் களத்துமேட்டில் மழைமானி வைத்து நாள்தோறும் குறிப்பெழுதி வருகின்றார். அவர் வானிலை சாஸ்திரத்தை முறையாகப் பயின்றவர் அல்லர். பஞ்சாங்கத்தைப் பார்த்து மழை சொல்பவரும் அல்லர். மழையளவு, காற்று வந்த திசை, கிணற்றுநீர் மட்டம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுகின்றார். இம்மூன்றையும் ஒழுங்காக எழுதிவருபவருக்குத் தம் நிலத்தைப் பற்றி எவ்வளவு தெரியவரும் என்பதை அவருடைய குறிப்பேட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் மழையளவு. ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்று முன்னோர் கூறியது ஈரம் மண்ணில் இறங்கிய ஆழத்தைக் கொண்டாகும். அம்முறை மிகவும் நல்லதே. எனினும் மணற்பாங்கில் ஓர் உழவு என்பதும் களிமண்ணில் ஓர் உழவு என்பதும் ஒரே அளவு மழையாகா. ஆகையால் இரண்டு கணக்குகளையும் சேர்த்து வைத்துக்கொள்வதே உத்தமம். விலைகொடுத்து வாங்கிய மழைமானி இல்லாவிடில், அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்று போதும். வாய் அகன்ற டப்பாவில் மழை அதிகமாக அளக்கப்படும் என்று பலர் எண்ணுவது தவறு. பக்கங்கள் நேராக இருக்குமாயின், அகலம் எதுவாயினும் நிற்கும் நீரின் உயரம் ஒன்றே. டப்பாவின் வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சாயாமல், சமமாக இருக்கவேண்டும். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது விலகியிருத்தல் அவசியம். தென்னந்தோப்பினுள் வைத்த மானி, மட்டையின் மழையை அளக்குமேயன்றி வானத்தின் மழையை அளக்காது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, நீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் 4,047 லிட்டர் தண்ணீராகும்; 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். என்ஜினை ஓட்டி எண்ணெய்ச் செலவு செய்பவருக்கு இக்கணக்கின் மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

2016ஆம் வருஷத்துப் பக்கங்கள் அக்குறிப்பேட்டில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. அவ்வருஷம் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாடு முழுமைக்கும் சராசரியாகக் கிடைத்தது 168 மில்லிமீட்டர். வழக்கமாகக் கிடைக்கவேண்டியதோ ஏறத்தாழ 440. நூற்றுக்கு 62 பங்கு குறைவு. இத்தனைக்கும் அது புயலில்லாத வருஷமன்று. டிசம்பர் முதல் வாரத்தில் ‘நாடா’ என்னும் புயல் இக்கரையை நோக்கி வந்தது. கரையை அடையுமுன்னரே வலுவிழந்து, காரைக்காலுக்கு அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறிற்று. பத்து நாளைக்குப் பின், டிசம்பர் 12ஆம் தேதி, ‘வர்தா’ என்னும் கடும்புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. அவ்விரண்டும் கடைமடையின் வறட்சியைத் தீர்க்கவில்லை.

‘நாடா’ வரும் செய்தியைக் கேட்டு, கருகிய சம்பாவை அழித்து மீண்டும் விதைக்க அக்கிராமத்தில் சிலர் விதைநெல் தேடினர். மிராசுதாரர் அவர்களைத் தடுத்தார். மார்கழி நெருங்கும் வேளையில் விதைக்கும் நெல் கதிர்விடும்போது மழையும் இராது, ஆற்றுநீரும் இராது. ஒரு மழையை நம்பி நான்கு மாதப் பயிரை இடுவது கணக்குக்கு ஒவ்வாது. கிடைக்கும் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளிப்பதே தக்கது என்றார். செய்தி வந்தவுடன் விதைக்க எண்ணாமல், மானியில் நீர் விழுந்தபின் எண்ணவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இது நம் கரைக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அமெரிக்க நாட்டில் இதே காற்றை ‘ஹரிக்கேன்’ என்பர். ‘சைக்ளோன்’ என்ற பெயர் 1848இல் கல்கத்தாவிலிருந்த பிட்டிங்டன் என்பவர் இட்டதாகும். 2011ஆம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணம் கொடிய வறட்சியில் வாடியபோது, ஜூலை மாதத்தில் ‘டான்’ என்னும் புயல் கரையை நோக்கி வருவதறிந்து அங்குள்ள விவசாயிகள் மகிழ்ந்தனர். அப்புயலோ கரையை நெருங்குகையில் வலுவிழந்து, சிறிதளவே மழை தந்து மறைந்தது.

காற்றின் வேகத்துக்கும் மழையின் அளவுக்கும் நேரான சம்பந்தமில்லை என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். வேகமாகக் கடந்துபோகும் கடும்புயல் மரத்தை முறிக்கும்; அசையாது நிற்கும் வலுவற்ற தாழ்வோ வயலை மூழ்கடிக்கும். 2020ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ‘புரெவி’ வலுக்குன்றி மன்னார் வளைகுடாவிலேயே தங்கி நின்றபோது, கொள்ளிடம், சிதம்பரம் பக்கங்களில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ‘புயல் வலுவிழந்தது’ என்ற செய்தியைக் கேட்டவுடன் வடிகாலை மறந்து படுத்துவிடுவது பெருந்தவறாகும்.

இனிக் காற்று. கோடையில் வீசும் கச்சான், தெற்கிலிருந்து வரும் சோழகம், கிழக்கிலிருந்து வரும் கொண்டல், வடக்கிலிருந்து வரும் வாடை ஆகியவற்றைக் கடலோரத்தார் யாவரும் அறிவர். புயற்காலத்தில் இவற்றைக் கொண்டு புயலின் நடு எத்திசையிலுள்ளது என்று அறியலாம். வீசும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், நம் இடக்கைப் பக்கத்தில், சற்று முன்னோக்கி, புயலின் நடு இருக்கும். டச்சு நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதி இது. வாடை வலுத்து வீசினால் புயல் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கின்றது. அவ்வாடை மேற்காகத் திரும்பினால் புயல் நமக்கு வடக்கே கரையேறுகின்றது. கொண்டலாகத் திரும்பினால் நமக்குத் தெற்கே கரையேறுகின்றது. பின்னதே கடலோரத்தார்க்கு அபாயம் மிக்கது. அப்போதுதான் காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளும். காற்று திடீரென்று ஓய்ந்து வானம் வெளுக்குமாயின், புயலின் கண் தலைக்கு மேல் வந்திருக்கின்றது என்று பொருள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வீசும். அவ்வமைதியை நம்பி மாடு அவிழ்க்கவோ, தோப்பைப் பார்க்கவோ வெளியே செல்லலாகாது. இவையனைத்தும் புயலை விளங்கிக்கொள்வதற்கு உதவுமேயன்றி, சர்க்கார் எச்சரிக்கைக்கு மாற்றாக மாட்டா. வெளியேறும்படி உத்தரவு வந்தால் திசை பார்த்து நிற்காமல் வெளியேற வேண்டும்.

2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியற்குமுன் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யப் பகுதிகளில் தலைமுறையாக வளர்ந்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. வயலில் போன பயிரை மறுபருவத்தில் எடுக்கலாம். தென்னை காய்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். ஆதலால் எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, அடிப்பக்கத்து மட்டைகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைத்தல் வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடவேண்டும். ஊறிய மண்ணில் வேர்ப்பிடிப்பு குறையும். கடும்புயலுக்கு இவை முழுப் பாதுகாப்பாகா. எனினும் தலை இலேசான மரத்திற்குக் காற்றின் பிடி குறைவு. வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுக்கலாம். நெல்லுக்கு மேலுரம் இடுவதை மழை முடியும்வரை தள்ளிவைக்கவேண்டும்.

மிராசுதாரரின் மூன்றாவது கணக்கு கிணற்றுநீரைப் பற்றியது. மூன்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுவே. கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின்மேல் எண்ணெய் போல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. எனவே மேல்மட்டத்தை ஓரடி இறைத்துவிட்டால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ முற்படும். வறண்ட வருஷத்தில் ஆழ்குழாயை இரவும் பகலும் ஓட்டிப் பயிரைக் காப்பாற்றியவர், அடுத்த வருஷத்து நிலத்தையே பணயம் வைத்தவராவார். ஆழமற்ற குட்டைகளிலும் ஊற்றுக்குழிகளிலும் சிறுகச் சிறுக இறைப்பது இம்மணலுக்குப் பொருத்தமானது. நீர் உவர்க்கத் தொடங்கியதும் இறைப்பை நிறுத்தவேண்டும்.

புயலில் கடல்நீர் வயலில் ஏறிவிட்டால், அதை அங்கேயே வற்றவிடக் கூடாது. வற்றினால் நீர் போகும், உப்பு நிற்கும். கடல் வற்றம் பார்த்து வடிகாலைத் திறந்து வெளியேற்றி, பின் பெய்யும் மழைநீரை வரப்புக்குள் தேக்கி, இரண்டொரு நாள் வைத்து வடிக்கவேண்டும். இங்ஙனம் பலமுறை செய்தபின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் முடிவைக் கண்டே ஜிப்சம் இடுவதைத் தீர்மானிக்க வேண்டும். உப்பு மட்டும் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் வீண்செலவு.

கிராம நிர்வாக அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மழைமானி தாலூகாத் தலைநகரில் இருக்க, மழையோ ஒரு கிராமத்தில் பெய்து அடுத்த கிராமத்தை விட்டுவிடுவது இக்கரையில் சாதாரணம். அதிகாரபூர்வமான கணக்கு அரசாங்க மானியினுடையதே. எனினும் ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு மூன்று நிலக்காரர்கள் ஒரே முறையில், ஒரே மணிக்கு அளந்து எழுதிவந்தால், பயிர்ச்சேதம் பார்க்கவரும் அதிகாரிக்கு எந்தப் பக்கம் முதலில் செல்லவேண்டும் என்பதாவது தெரியும். வடிகால் வாய்க்கால்களையும் மதகுப் பலகைகளையும் ஐப்பசி பிறக்குமுன்னரே பார்வையிட்டு, பழுதுகளை எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிடவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தபின் பலகைக்கு ஆசாரியைத் தேடுவது வருஷந்தோறும் நடந்துவருகின்றது.