நம்ம வீட்டுக்குக் குடிவரும் குருவிகள்



குருவி மரத்தில்தான் கூடு கட்டும் என்று நினைக்கிறோம். ஆனால் துணிக்கொடி, பல்பு தொங்கும் வயர், மோட்டார் ரூம் சுவர் ஓட்டை, சாமி படத்துக்குப் பின்னாடி, இதெல்லாம்கூட அதுகளுக்கு வீட்டு மனைதான். ஏன் இப்படி நம்ம பக்கம் வருகின்றன?

காக்கா, செம்போத்து, ஓணான், பாம்பு எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் பகை. ஆள் நடமாடும் தாழ்வாரத்துக்குள் அவை அவ்வளவு சுலபமாக வராது. மெல்லிய கம்பியில் பாம்பு ஏறுவதும் கஷ்டம். மழை, வெயிலும் படாது.

இப்படிக் கட்டுவதில் கெட்டிக்காரி தேன்சிட்டு. சிட்டுக்குருவியை விடச் சின்னது, மூக்கு வளைந்திருக்கும். கூடு கட்டுவது பெண் குருவிதான். நார், காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைத் தூள் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டிப் பை மாதிரி தொங்கவிடும். உள்ளே பஞ்சு மெத்தை. பக்கத்தில் வாசல், அதற்கு மேல் மழைக்கு ஒரு சின்னக் கூரை! தூரத்தில் பார்த்தால் ஒட்டடை மாதிரி இருக்கும். பகையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். ஆனால் அதனாலேயே ஒட்டடைக் கம்பால் நாம் அடித்துவிடுகிறோம்.

பூந்தேன் குடிக்கும் பறவை என்றாலும் குஞ்சுக்குச் சிலந்தி, சின்னப் பூச்சிகளைத்தான் கொண்டுவந்து ஊட்டும். அதற்கு ஆண் குருவியும் உதவும்.

எங்கள் வீட்டுத் திண்ணை பல்பு வயரில் இந்தக் குருவி கட்டியது. அப்போது அக்கா நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டார். "கூட்டை எடுத்து மரத்துல மாட்டிரலாம்" என்றார் அப்பா. இடம் மாற்றினால் தாய் திரும்பி வராமல் போகலாம் என்று அறிவியல் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அப்பத்தாதான், "புள்ளத்தாச்சிய எறக்கிவிட்டுட்டா நல்ல காரியம் பண்ணுவீக? அந்த மூலைய விட்டுட்டு அடிங்கப்பா" என்றது. அப்படியே அடித்தார்கள். அந்த மூலை மட்டும் பழைய நிறம். லைட்டும் போடவில்லை.

முட்டை 2. ஒன்று பொரிக்கவே இல்லை. நிச்சயம் அன்று குஞ்சுக்கு 5 நாள். கீழே அத்தனை சனம். தாய் வாயில் பூச்சியோடு கொடியில் உட்கார்ந்து காத்திருந்தது, ஆள் விலகியதும் ஊட்டிவிட்டுப் போனது. ஒரு வாரம் கழித்துக் குஞ்சு கீழே விழுந்தது. மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள், அது உண்மை இல்லை. எடுத்து உள்ளே வைத்தோம். கால் மணி நேரத்தில் தாய் வந்து ஊட்டியது. அடுத்த வாரம் பறந்தும் போய்விட்டது. முட்டையிட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் எல்லாம் ஒரு மாதம்தான்.

2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. பத்திரிகையில் எல்லாம் வந்தது. எங்கள் ஒரு பல்பு என்ன பெரிசு!

தையல்சிட்டு தொட்டிச் செடியில்கூடக் கட்டும். அகல இலையின் ஓரத்தில் மூக்கால் ஓட்டை போட்டு, பஞ்சு நூலால் தைத்து, அதற்குள் கூடு வைக்கும். இலை செடியிலேயே இருப்பதால் வாடாது. தண்ணீர் ஊற்றும்போது தூரில் மட்டும் ஊற்றுங்கள்.

சிட்டுக்குருவிக்கு ஓட்டு வீட்டில் இடுக்கு இருந்தது, கான்கிரீட் வீட்டில் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒன்றரை அங்குல ஓட்டை போட்டு, பூனைக்கு எட்டாமல் நிழலில் கட்டினால் வரும். கீழே மின்விசிறி ஓடக் கூடாது.

இந்தத் தாளின் அடியில் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்தக் குருவி, எந்த இடத்தில், என்று முட்டையிட்டது என்று பென்சிலால் எழுதுங்கள். வெள்ளையடிக்கப் போகிற வீட்டுக்காரர்கள் முதலில் எழுதவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி