வேறு நாட்டுக் கமரா நம்ம வீட்டில் வேலை செய்யுமா?



லயத்தில் சின்னதாய்க் கடை வைத்திருப்பவர்கள், மரக்கறித் தோட்டம் போட்டிருப்பவர்கள், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனவர்கள் என்று பலரும் இப்போது காவல் கமராவைப் பற்றி விசாரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கமராவைப் பூட்டு மாதிரி நினைத்துவிடக் கூடாது. பூட்டை எந்த நாட்டில் வாங்கினாலும் நம் கதவில் போட்டுப் பூட்டலாம். கமராவுக்கு ஊர் உண்டு. இது தெரியாமல் பணத்தைக் கொட்டிய ஒரு குடும்பத்தின் கதையோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். பெயர்கள் வேண்டாம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை என்று நம் தோட்டங்களின் ஊடே வரும் ஏ-4 வீதி, வெல்லவாய, மொனராகலை தாண்டிப் பொத்துவிலில் கடலைத் தொடுகிறது. பிறகு கடற்கரையோடு அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று போய் மட்டக்களப்பில் முடிகிறது. நாம் கட்டும் மருதமுனைச் சாரம் மலைக்கு ஏறி வருவதும், நம் பையன்கள் கடை வேலைக்கு இறங்கிப் போவதும் இந்த வீதியில்தான். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பையன் ஒருவர் கல்முனையில் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். அவருடைய தங்கச்சி ரியாத்தில் வீட்டு வேலை. தங்கச்சியின் ஆறு வயது மகள் இங்கே லயத்தில் பாட்டியோடு இருக்கிறாள்.

பிள்ளையின் முகத்தை நினைத்த நேரம் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரியாத்தில் ஒரு கமராவை வாங்கி, ஊருக்கு வந்த கல்முனைக்காரர் ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்பினார். அண்ணன் தீபாவளிக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். மின்சாரம் கொடுத்ததும் கமரா சீன மொழியில் என்னமோ பேசியது. நீல வெளிச்சம் மினுக்கியது. செயலியைத் திறந்தால், இந்தக் கருவியைச் சீனாவுக்குள் மட்டுமே பாவிக்கலாம் என்று போனில் எழுத்து வந்து நின்றது. அன்று இரவு ரியாத்திலிருந்து நாலு முறை போன். பிள்ளை கமராவுக்கு முன்னால் புதுச் சட்டையோடு நின்றுகொண்டே இருந்தாளாம்.

லீவு முடிந்ததும் அந்தப் பெட்டியைக் கல்முனைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். வேறு அலுவலாக நானும் அங்கு போயிருந்ததால், மின்சாமான் கடை ஒன்றுக்குச் சேர்ந்தே போனோம். மலையகத்தில் நாம் நானா என்போம், அங்கே காக்கா என்பார்கள்.

“காக்கா, இதுல என்னா கோளாறுன்னு கொஞ்சம் பாருங்க. தங்கச்சி கஷ்டப்பட்டு வாங்கி அனுப்பினது.”

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “கோளாறு ஒண்டும் இல்ல தம்பி. சாமான் நல்ல சாமான். ஆனா இதுட ஊர் சீனா. இஞ்ச புடிக்காது. ஒங்கட தங்கச்சில பிழை இல்ல, வித்தவன் செல்லல்ல.”

கோளாறு இல்லாத சாமான் ஏன் வேலை செய்யவில்லை?

நம் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்துச் செக்ரோலில் பெயர் பதிந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பிரட்டில் போய் நின்றால், எவ்வளவு நல்ல வேலைக்காரராக இருந்தாலும் கணக்கப்பிள்ளை பேர் போடமாட்டார். கமராவும் அப்படியே. மின்சாரம் கொடுத்ததும் அது வைஃபை வழியாகத் தன்னைச் செய்த கொம்பனியின் கணினிக்குப் போய், “நான் வந்திருக்கிறேன்” என்று தன் தொடர் இலக்கத்தைச் சொல்கிறது. அந்தக் கணினியில் இந்த இலக்கம் சீனச் சந்தைக்கு, இந்த இலக்கம் வெளிநாட்டுக்கு என்று பதிவு இருக்கிறது. சீனாவுக்கென்று செய்த கமரா இலங்கையிலிருந்து கூப்பிட்டால் கதவு திறக்காது. ரியாத்திலோ வீட்டிலோ இருந்து நாம் படம் பார்ப்பது அந்தக் கணினி வழியாகத்தான் என்பதால், கமரா சும்மா ஒரு பிளாஸ்டிக் உருண்டையாகிவிடுகிறது.

இது புதுக் கதை அல்ல. 2016 ஆம் ஆண்டளவில் ‘யீ’ என்ற சீனக் கமராக்களுக்கு இதே நடந்தது. விலை குறைவு என்று உலகெங்கும் பலர் சீன நாட்டுக்குரிய மாதிரியை இணையக் கடைகளில் வாங்கிப் பாவித்து வந்தார்கள். பல மாதங்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கமராக்கள் திடீரென, சீனாவில் மட்டுமே பாவிக்கலாம் என்ற அறிவித்தலோடு நின்றுவிட்டன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வாங்கிய அன்று வேலை செய்தது என்பதால் நாளைக்கும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பூட்டுச் சாவி நம்மிடம் இல்லை.

கொம்பனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? முதல் காரணம் விலை. ஒரே சாமானைச் சீனாவில் குறைத்தும் வெளியே கூட்டியும் விற்கிறார்கள். மலிந்த இடத்துச் சாமான் விலை கூடிய இடத்துக்கு வந்துவிட்டால் அந்த நாட்டு முகவரின் வியாபாரம் படுத்துவிடும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதும் ஒரு காரணம். நமக்கு இதில் ஆத்திரம் வரலாம், எனக்கும் வந்தது. காசு கொடுத்து வாங்கிய சாமானை நம் வீட்டில் பாவிக்க இன்னொருவரின் அனுமதி ஏன்? ஆனால் ஆத்திரப்பட்டுக் கமரா ஓடப்போவதில்லை.

பெரிய கமராக்களிலும் இந்தத் தொல்லை உண்டு. கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் நாம் பார்க்கும் ஹிக்விஷன், டாஹுவா இரண்டும் சீனாவின் ஹாங்சௌ நகரத்துக் கொம்பனிகள். ஹிக்விஷனின் சீன மாதிரிக்கு மெனு சீன மொழியில்தான் இருக்கும். சில வியாபாரிகள் அதன் உள்மென்பொருளை உடைத்து, ஆங்கிலம் தெரிகிற மாதிரி மாற்றி, மலிவாக விற்றார்கள். வாங்கியவர் ஒரு நாள் கொம்பனி வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்றினால் ஆங்கிலம் போய்ச் சீனம் வரும், அல்லது கமரா எழும்பவே எழும்பாது. எழும்பாமல் போய்விடுமே என்ற பயத்தில் புதுப்பிக்காமல் விட்டாலோ, கள்வன் நுழையும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. ஹிக்விஷனின் நீண்ட தொடர் இலக்கத்தின் இடையே வரும் எழுத்துக்களில் டபிள்யூ, ஆர் என்று இருந்தால் உலகச் சந்தைக்கு, சீ, எச் என்று இருந்தால் சீனாவுக்கு. ஆனால் ஒட்டுத்தாளை மாற்றி ஒட்டுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே பெட்டியில் இருக்கும் இலக்கமும், கமராவின் முதுகில் இருக்கும் இலக்கமும், செயலியில் தெரியும் இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூன்றையும் பார்ப்பதற்குக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓட்டிக் காட்ட மறுக்கிற கடையில் சாமான் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

கல்முனைக் காக்கா செய்ததும் அதுதான். தன் போனையே வைஃபை கொடுக்க வைத்து, எங்கள் கண் முன்னால் ஒரு புதுக் கமராவை ஓட்டினார். பிறகு வைஃபையை நிற்பாட்டி மறுபடி கொடுத்து, தானாகவே சேர்கிறதா என்று காட்டினார். “பழைய கமராவ ஒடைச்சுத் தரலாமே காக்கா, எவ்ளோ எடுப்பீங்க?” என்று நம் பையன் கேட்டபோது அவர் சிரித்தார். “ஒடைக்கலாம். அடுத்த மாசம் திரும்ப நிண்டா, சல்லிய வாங்கிட்டு நான் ஒங்கட மூஞ்சில எப்புடி முழிக்கிற?” என்றார். நம்பிக்கையான வியாபாரி யார் என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் என்பேன்.

உத்தரவாதத்தைப் பற்றியும் அவர் விளக்கினார். ‘வரண்டி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கொம்பனி வரண்டி வேறு, கடை வரண்டி வேறு. கொம்பனி வரண்டி என்றால் அந்தச் சாமானை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த முகவர் பொறுப்பு. கடை வரண்டி என்றால் அந்தக் கடைக்காரர் மட்டும் பொறுப்பு. கடை மூடினால் வரண்டியும் மூடிவிடும். சவூதியிலோ டுபாயிலோ வாங்கிய சாமானை இங்குள்ள முகவர் பெரும்பாலும் தொடவே மாட்டார். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டதால், பெட்டியில் வந்தது, தெரிந்தவர் கொண்டுவந்தது என்று மலிவாகக் கிடைப்பதன் மேல் நமக்கு ஆசை வருகிறது. அதில் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போனால் கேட்க ஆள் இல்லை என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கப்படாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி சீட்டுக் கொடுத்தாக வேண்டும். சீட்டில் மாதிரியின் பெயர், தொடர் இலக்கம், வரண்டிக் காலம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்; 1977 என்ற இலக்கத்துக்குப் பேசியும் விபரம் கேட்கலாம். “தெரிஞ்ச கடைதானே, சீட்டு எதுக்கு” என்று விட்டுவிட்டால் முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

சிம் போடும் 4ஜி கமரா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் லயங்கள் பலவற்றில் வைஃபை இல்லாததால் இந்த வகையைத்தான் பலர் தேடுகிறார்கள். சிம் போடும் கருவிக்குப் போனைப் போலவே 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு. ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிந்ததா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் அனுப்புங்கள். வேறு நாட்டுக்கென்று செய்த 4ஜி கமரா நம் நாட்டு அலைவரிசையைப் பிடிக்காமலும் போகலாம். டேட்டாவும் சும்மா அல்ல: வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 450 எம்.பி. போகும். அதே வேகத்தில் 64 ஜீ.பி. மெமரி காட்டில் ஐந்து நாள் படம் நிற்கும். ஆகவே காட்டில் பதியவிட்டு, தேவையானபோது மட்டும் போனில் பாருங்கள்.

எல்லா வித்தியாசமும் பூட்டு அல்ல. சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நமக்கு 50. அங்கிருந்து வந்த கமராவில் குழல் விளக்கு வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடினால், செட்டிங்கில் 50 என்று மாற்றினால் போதும். வெளியே மாட்டுவதென்றால் ஐ.பி. 66 அல்லது 67 என்று எழுதியிருக்க வேண்டும். கல்முனைக்காரருக்கு உப்புக்காற்று எதிரி, நமக்கு மூடுபனி. இரவில் பனி இறங்கினால் கமராவின் சொந்த வெளிச்சமே பனியில் பட்டுத் திரும்பிப் படம் வெள்ளையாகிவிடும். இதற்குச் சாமானைக் குறை சொல்ல முடியாது.

பலரும் விட்டுவிடுகிற காரியம் ஒன்று: கமரா யாருடைய கணக்கில் பதிந்திருக்கிறது? கடைப் பையன் அவசரத்தில் தன் கணக்கில் பதிந்து தந்தால், உங்கள் காம்பராவை அவனும் பார்க்கலாம். உங்கள் போனில், உங்கள் இலக்கத்தில் பதியச் சொல்லுங்கள். பாவித்த கமரா வாங்கினால், பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து கழற்றித் தர வேண்டும். இல்லாவிட்டால் அது உங்களுக்கு ஏறாது. பெட்டியோடு வரும் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள். 2016 ஒக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல முடங்கின. ‘மிராய்’ என்ற கெட்ட மென்பொருள், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து ஏவிவிட்டதே காரணம். அந்தச் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கமரா என்ன வேலை செய்தது என்பதே தெரியாது.

லயம் என்பது பத்துக் குடும்பத்துக்கு ஒரு கூரை. இஸ்தோப்பில் மாட்டும் கமரா அடுத்த காம்பராவின் வாசலையோ, பெண்கள் குளிக்கும் பீலிக்கரையையோ பார்க்கக் கூடாது. மாட்டுமுன் அக்கம்பக்கத்தாருக்குப் போனில் படத்தைக் காட்டிவிடுங்கள். கள்வனைப் பிடிக்கப் போட்ட கமரா லயத்தையே இரண்டாக்கிய இடங்களும் உண்டு.

அந்தக் கடையிலேயே நம் பையன் ஒரு கமரா எடுத்தார். பாதிக் காசு அன்றைக்கு, மீதி சம்பளத்துக்கு. சீட்டில் இலக்கம் எல்லாம் எழுதி வாங்கினார். பொங்கலுக்கு அதைக் கொண்டுபோய் மாட்டியபோது, பிள்ளை பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ரியாத்திலிருந்து, “கொஞ்சம் கீழ புடி சாமி, மூஞ்சி தெரியல” என்று சத்தம் வந்தது. பாட்டிக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. மாலையில் உடுப்பு மாற்றும் நேரத்துக்குக் கமராவின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுகிறார். மகளுக்கும் அந்த நேரம் தெரியும்.