தினை: தீவனமும் விதையும்

திருவள்ளுவர் மிகச் சிறிய அளவுக்குத் தினையையும் மிகப் பெரிய அளவுக்குப் பனையையும் எடுத்துக்காட்டினார். ஒரு கிராம் எடையில் முந்நூறுக்கும் மேற்பட்ட தினைமணிகள் அடங்கும். அத்துணைச் சிறிய மணியிலிருந்து முளைக்கும் பயிர், வறண்ட நிலத்தில் மனிதர்க்கு உணவும் மாட்டுக்குத் தீவனமும் தருகிறது.

குறிஞ்சி நில மக்கள் தினைப்புனம் காத்ததைச் சங்க இலக்கியம் கூறுகிறது. தமிழ்நாட்டில் மட்டுமன்றி, ஆந்திரம், கருநாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் இன்று தினை பயிராகிறது. இது தெலுங்கில் கொர்ரா எனவும், கன்னடத்தில் நவணெ எனவும், இந்தியில் கங்னி எனவும் வழங்கப்படும்.

ஆந்திரத்தின் இராயலசீமைப் பகுதியில் மழை குறைவு. அங்கு உழவர் பருவமழையை நம்பித் தினை விதைக்கின்றனர். வரிசையாக விதைத்தால் எக்டேருக்கு 8 முதல் 10 கிலோ விதை போதும். விதையை 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இடுவர். ஆழம் மிகுந்தால் சிறிய முளை மண்ணைத் துளைத்து வெளிவர இயலாது. ஏறத்தாழ 80 முதல் 90 நாள்களில் கதிர் முற்றும்.

பசுந்தீவனம் வேண்டுவோர், கதிர் வெளிவரத் தொடங்கும்போதே பயிரை அறுப்பர். அப்போது தண்டு இளமையாகவும் சத்து மிகுந்தும் இருக்கும். மணி முற்றியபின் எஞ்சும் தாளையும் மாடு உண்ணும். ஆயினும் அதில் சத்துக் குறைவு. ஒருமுறை அறுத்த தினை மீண்டும் நன்கு தழைப்பதில்லை. ஆகவே, பசுமையாக அறுத்த இடத்தில் மணியை எதிர்பார்க்க இயலாது.

மழை பொய்த்த ஆண்டில் மாட்டின் பசி பொறுக்காமல் உழவர் அரிவாளை எடுப்பர். வயல் முழுவதையும் அறுத்துவிட்டால், மறு ஆண்டு விதைக்கு அயலாரிடம் கையேந்த நேரும். எக்டேருக்கு 500 கிலோ மட்டுமே விளையும் எனக் கொண்டாலும், ஐம்பதில் ஒரு பங்கு நிலம் 10 கிலோ விதை தரும். பறவைகள் உண்பதையும் கருதி, இரு பங்கு ஒதுக்குதல் நலம்.

தினை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் மணி பிடிக்கிறது. எனவே, நல்ல கதிரின் விதையில் தாய்ப்பயிரின் இயல்பு மாறாமல் நிற்கும். ஒதுக்கிய நிலத்தில் களைகளையும் வேற்றினச் செடிகளையும் நீக்க வேண்டும். முற்றிய கதிர்களைத் தேர்ந்தெடுத்து, அடித்து, தூற்றி, நன்கு உலர்த்தி, ஈரம் புகாத கலத்தில் சேமிக்க வேண்டும். இவ்வாறு காத்த சிறுபங்கே மறு ஆண்டின் வயலை நிரப்பும்.

சொற்பொருள்
புனம் – மலைச்சாரலில் உள்ள கொல்லை
தாள் – கதிர் நீக்கிய பயிர்த்தண்டு
தூற்றுதல் – காற்றில் பதரைப் பிரித்தல்
கலம் – பாத்திரம்

பயிற்சி
1. பசுந்தீவனத்துக்காகத் தினையை எப்பருவத்தில் அறுப்பர்? ஏன்?
2. விதைக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும்? கணக்கிட்டு விளக்குக.
3. நீவிர் வாழும் ஊரில் தினை எப்பெயரால் விற்கப்படுகிறது? கடையில் கேட்டறிந்து எழுதுக.
4. ‘தினை விதைத்தவன் தினை அறுப்பான்’ என்னும் பழமொழியின் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.